முதலில் கண்டவர்

காட்டின் தலைவர் மயிலார் ஆடுவது ஒட்டுத் தோகையில் என்று, வழியோரப் பனையில் கொத்தி எழுதியது மரங்கொத்தி. மயிலார் கொதித்தார். உடனே கைது செய்யும்படி காவல்நாய்க்கு ஆணை பிறந்தது.

நாய் கூண்டோடு சென்றபோது மரங்கொத்தி குஞ்சுகளுக்குப் புழு ஊட்டிக்கொண்டிருந்தது.

"இறங்கி வா. தலைவரையே இழிவுபடுத்துகிறாயா?"

"கேலி மிஞ்சிவிட்டது, ஏட்டய்யா. அழித்துவிடுகிறேன். குஞ்சுகள் இன்னும் கண் திறக்கவில்லை; நான் கூண்டில் கிடந்தால் இவற்றுக்கு யார் ஊட்டுவது?"

"எழுதுமுன் அதை யோசித்திருக்க வேண்டும்!" என்று அதட்டிய நாய், ஓலையை விரித்துக் குற்ற அறிக்கை எழுதலாயிற்று. குற்றவாளியின் பெயர், குற்றம் நடந்த இடம் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்து, குற்றத்தை முதலில் கண்டவர் பெயர். நாயின் எழுத்தாணி நின்றது.

மரங்கொத்தி தயங்கியபடி சொல்லிற்று: "நேற்றுக் காலையில் அதைப் படித்துவிட்டுத் தாங்கள்தானே உருண்டு புரண்டு சிரித்தீர்கள்? நரியாரையும் முயலாரையும் கூட்டிவந்து காட்டியதும் தாங்கள்தானே, ஏட்டய்யா?"

நாயின் காதுகள் மடங்கின. பொந்துக்குள் குஞ்சுகள் கீச்சிட்டன. நாய் ஓலையில், 'பெயர் தெரியாத வழிப்போக்கர்' என்று எழுதிற்று. பிறகு மரங்கொத்தியின் முகத்தைப் பாராமலே, அது உள்ளே ஏறுவதற்காகக் கூண்டின் கதவைத் திறந்து பிடித்தது.