கழுதை மெட்டு

அவள் காலைத் தூக்கவில்லை.

பதினெட்டாவது சுற்று. ஒரே மெட்டு. போய்ப் போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது. மறுபடியும் கிளம்புகிறது.

வட்டமாக எட்டுப் பேர். இரண்டு பிடில், மூன்று கிதார், இரண்டு மாண்டலின், ஆளுயரத்துக்கு ஒரு பேஸ். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவளுடைய வலது காலில்.

இங்கே அதுதான் வழக்கம். யாருடைய முறையில் மெட்டு தொடங்கியதோ அவர் காலைத் தூக்கினால்தான் முடிக்கலாம். தூக்காதவரை யாரும் நிறுத்தக் கூடாது. கை ஒடிந்தாலும் சரி.

இது அவள் கணவரின் முறை.

சுடலைமுத்து இறந்து இருபத்துமூன்று நாள்.

அமெரிக்காவில், வர்ஜீனியா மலைப்பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அதன் தீயணைப்பு நிலையத்துக் கூடம். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு இந்த மலைக்காரர்கள் கூடி, பாட்டன் பூட்டன் வாசித்ததை வாசிப்பார்கள். காகிதம் கிடையாது, மேடை கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. இவர்களோடு ஒரு திருநெல்வேலிக்காரர் ஒன்பது வருஷம் உட்கார்ந்து பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசித்தார். மரச்சாமான் ஆலையில் கூட வேலை பார்த்த வெர்லின்தான் அவரை முதலில் இழுத்து வந்தது. சுடலைமுத்து என்ற பெயரில் முத்து மட்டும்தான் இவர்கள் வாயில் நுழைந்தது.

அவள் ஒரு நாள்கூட உள்ளே வந்ததில்லை.

முதல் வாரம் ஏதோ கோபம். என்ன கோபம் என்று இப்போது நினைவில்லை. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. காரிலேயே இருந்துவிடுவாள். பிளாஸ்க்கில் காப்பி, போனில் சீரியல். கண்ணாடி ஜன்னல் வழியாக அவர் காலைத் தூக்குவது மட்டும் தெரியும்.

"வாத்தியத்துக்கு முன்னால காலத் தூக்குதியளே, சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டாளா?"

"தூக்குனா முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஒரு நாளு உள்ள வந்துதான் கேளேன்ட்டி."

"என்னத்தக் கேக்க? அந்தக் கழுதை மெட்டையா?"

மழையில் ஆற்றைக் கடக்கும் ஒரு கோவேறு கழுதையைப் பற்றிய மெட்டு அது. அவர் முறை வந்தால் அதைத்தான் தொடங்குவார். வீட்டில் குளியலறையிலும் அதேதான், வாயாலேயே.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்றார் ஒரு தடவை. அன்றைக்கு அவருக்கு உப்புமாதான்.

இன்றும் அவள் உட்காருவதற்காக வரவில்லை. பாஞ்சோ வெர்லினுடையது, இரவல். வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தாள். வட்டத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள். வெர்லின் அவள் கையைப் பிடித்து அதில் உட்காரவைத்தார். பாஞ்சோப் பெட்டியை அவள் மடியில் வைத்தார். இது முத்துவின் முறை, நிறுத்த வேண்டியது நீங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் பிடிலில் வில்லை வைத்தார்.

இருபதாவது சுற்று.

நல்ல மெட்டு. பாவி மனுஷா, எவ்வளவு நல்ல மெட்டு! கழுதை தண்ணீரில் இறங்கத் தயங்குவது அவளுக்கே தெரிந்தது. இதைக் கேட்காமல் ஒன்பது வருஷம் வாசலில் உட்கார்ந்திருந்தாளே, அவளை எதால் அடிக்க?

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். மூளையில் ரத்தக் கசிவு. இனித் திரும்ப மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். ஆறாம் நாள் காலையில், மூச்சுக் குழாயை எடுத்துவிடலாமா என்று அவளிடம் மெதுவாகக் கேட்டார்கள்.

அவள் சரியென்று தலையசைத்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரமாவது இருக்கும் என்று நினைத்தாள். காதோரம் குனிந்து சொல்ல ஒன்று வைத்திருந்தாள். 'ஏங்க' என்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு தடவை நிறுத்தியது போதாதா? இதையும் அவளேதான் நிறுத்த வேண்டுமா?

மாட்டாள். செத்தாலும் மாட்டாள்.

இருபத்தாறு.

இருபத்தேழு.

வெர்லினுக்கு வயது எண்பத்துமூன்று. விரல் கணுக்கள் வீங்கிச் சிவந்திருந்தன. பேஸ் வாசிக்கும் ரோசலியின் விரலில் சுற்றிய பிளாஸ்திரியைத் தாண்டி ரத்தம் வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

அவர் இருந்தால் திட்டியிருப்பார். வயசான மனுஷனை இப்படியா படுத்துவது?

சரஸ்வதித் தாயே, மன்னிச்சுக்கோ.

காலைத் தூக்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மெட்டு நிற்கவில்லை.

யாரும் பார்க்கவில்லையோ என்று காலை இன்னும் உயர்த்தினாள். வெர்லின் வாசித்தபடியே அவள் பக்கம் சாய்ந்தார்.

"அவசரமில்லம்மா. காலைத் தூக்கின பிறகு முழுசா ஒரு சுத்து உண்டு."

அவள் அவரையே பார்த்தாள்.

பிறகு மடியிலிருந்த பெட்டியின் மேல் குனிந்தாள். அதில் கணவருடைய காது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. ஏதோ ஓர் இடத்தில் வாயை வைத்தாள்.

"ஏங்க" என்றாள். "உள்ள வந்துட்டேன்."

மெட்டு முடிய இன்னும் பாதிச் சுற்று இருந்தது.