மோடத்துக்குள் ஒரு குரல்

கொட்டச்சேடு காபி எஸ்டேட்டுக்கு இன்டர்நெட் வந்ததும், "இனிமே டைப்பிஸ்ட் எதுக்கு?" என்றார் மேனேஜர். லூர்துசெல்விக்கு அந்த மாதத்தோடு வேலை போவதாக இருந்தது.

ஆனால் கம்ப்யூட்டருக்குப் புது சாப்ட்வேர் போட்டதிலிருந்து இன்டர்நெட் வரவில்லை. போட்ட மெக்கானிக் ஜேசுதாசையே ஏற்காட்டிலிருந்து திரும்ப வரவழைத்தார் மேனேஜர்.

"மோடம் டயல் பண்ணுது, மணியும் அடிக்குது. அப்புறம் ஒரு அம்மா 'ஆருங்க அது?'ன்னு கேக்குறாங்க."

"வேற லைன் கலந்துருதுங்க சார். மலையில பனி எறங்குனா இப்படித்தானுங்க. வெயில் காலம் வர்ற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

மேனேஜர் சென்னைக்காரர். ஜன்னலைப் பார்த்தார். எதிரே இருந்த காபிச்செடிகூடப் பனியில் தெரியவில்லை.

"சரி லூர்துசெல்வி, அதுவரைக்கும் லெட்டரெல்லாம் நீங்களே அடிங்க. இவருக்கு ஒரு டீ குடுங்க."

அவள் கேட்காமலே சர்க்கரை போடாத டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

சாயங்காலம் வெள்ளக்கடை வளைவில் ஜேசுதாசின் ஸ்கூட்டர் காத்து நின்றது. லூர்துசெல்வி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, டயல் பண்ற நம்பர மாத்துனீங்க, சரி. அதுக்குன்னு நம்மூட்டு நம்பரயா போடுவீங்க? போன எடுத்து எடுத்து அத்தைக்குக் காதே அடைச்சுப் போச்சு."