வெட்டிய வரி

கறை பிடிக்கும் கார்ச்சோபிக் காய்கறியின் மொட்டுகளை உரித்ததில் நாகபூசணியின் விரல்கள் கறுத்திருக்கின்றன. இத்தாலியில், பொலிதேயாமாப் பகுதியில் அவள் வேலை செய்யும் வீட்டுச் சமையலறையில், ஜன்னல் இடுக்கால் விழும் மத்தியான வெயிலில் மகள் ஜெனனி கடிதத்தை விரிக்கிறாள். பதினாறு வருடமாகக் கலிபோர்னியச் சிறையிலிருக்கும் மகன் சுஜனுக்காக, நீதிபதிக்கு நாகபூசணி எழுதியது அது. “அம்மா, அண்ணா காருக்குள்ள இருந்தவர். சுட்டது மற்றவன். கொல்லாத ஆக்களுக்குத் தண்டனையைக் குறைக்கத்தான் சட்டத்தை மாத்தினவை. நீங்கள் ‘மகனை இழந்த தாயே, என் மகன் செய்த கொலையை மன்னியுங்கள்’ எண்டெல்லோ எழுதியிருக்கிறியள்.”

“செத்த பெடியன்ர தாயும் கோர்ட்டில இருப்பா. அவவிட்டை மன்னிப்புக் கேக்க வேண்டாமே?”

“கேட்டால் கொலையை ஒப்புக்கொண்டதாப் போகும். அண்ணா சிறையிலதான் சாவார்.”

நாகபூசணி கையைத் துடைக்காமலே பேனாவை வாங்குகிறாள். எழுத்துத் தெரியாதபடி அந்த வரியை அழுத்தி வெட்டுகிறாள். கடிதத்தின் வேறெந்த வரியிலும் அந்தத் தாய் இல்லை.