புதுக் கண்ணாடி

"மணக்குதோ பிள்ளை?"

ஒவ்வொரு நாள் காலையும் படகு கட்டுகிற குருநகர் ஜெட்டியில் வைத்து ஜெனிஸ் அண்ணை என்னிடம் கேட்கும் கேள்வி இதுதான்.

என் கூடப்பிறந்த அண்ணை, கடலட்டை பிடிக்கிற சுழியோடி. காற்று நிரப்பிய சிலிண்டர்களை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்குவார்கள். அவர் வால்வைக் கொஞ்சமாகத் திறப்பார். சீறிக்கொண்டு வரும் காற்றுக்கு நேரே நான் மூக்கை வைப்பேன். எண்ணெயோ எஞ்சின் புகையோ மணந்தால் அந்தச் சிலிண்டர் திரும்பிப் போகும். அந்தக் காற்றோடு கீழே போகிறவன் அங்கேயே மயங்கிவிடுவான்.

கொரோனா வந்துபோனதிலிருந்து அண்ணைக்கு மணம் தெரியாது. எனக்கு ஒழுங்கை முடக்கில் நின்றே எந்த வீட்டில் என்ன மீன் கொதிக்கிறது என்று தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது. இரண்டு தரம் சிலிண்டரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"எங்கடை பொலிஸ் நாய் இருக்கேக்க எனக்கென்ன பயம்" என்று அண்ணை படகில் நிற்கிறவர்களைச் சிரிக்க வைப்பார்.

ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. மணந்தால் தலையை மேலும் கீழும் ஆட்டுவேன். இல்லையென்றால் பக்கவாட்டில்.

சாமான் விஷயத்தில் அண்ணை கவனம். வெடிப்பு விட்ட குழாயை ஒட்டிப் பாவிக்க மாட்டார். சுழியோடுகிற கண்ணாடி வாங்கினால், பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை உள்ளே இழுப்பார். கையை எடுத்த பிறகும் விழாமல் நின்றால்தான் அது அவருக்குச் சரி.

பழைய கண்ணாடியின் ரப்பர் கிழிந்தபோது லவீனா மச்சாள் புதுசு வாங்கிக் கொடுத்தார். அவர்கள் கலியாணம் கட்டி எட்டு மாதம். நீலக் கரை போட்ட கண்ணாடி. அண்ணையின் முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதோடேயே வீடு முழுக்க நடந்து திரிந்தார்.

புதுக் கண்ணாடியின் உட்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கும். பற்பசை பூசித் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீருக்குள் மூச்சுச் சூட்டுக்கு மூடுபனி மாதிரிப் புகார் பிடித்துவிடும். நாலைந்து தரம் தேய்க்கும்படி அண்ணை சொல்லியிருந்தார். மச்சாள் ஒரு தரம்தான் தேய்த்தார். அண்ணை பொறுக்கவில்லை. அடுத்த நாளே கொண்டு போனார்.

அன்று காலை புறப்படும்போது மச்சாள் எனக்கு ஒரு கோப்பையை நீட்டினார். சுடச்சுடக் குடித்துவிட்டு அண்ணைக்குப் பின்னால் ஓடினேன்.

ஜெட்டியில் வால்வு சீறியது. அண்ணை கேட்டார். படகில் நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் பக்கவாட்டில் தலையாட்டினேன்.

பத்தரை மணிக்கு அண்ணையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கடலடியில் இருந்து மேலே கொண்டுவந்தவர் கனிசியஸ் அண்ணை. படகில் வைத்துக் கழற்றும்போது கண்ணாடி உள்ளே வெள்ளையாக இருந்தது என்று அவர் ஒரு தரம் சொன்னார். அது போதுமாக இருந்தது. செத்தவீட்டில் எல்லோரும் கண்ணாடியைப் பற்றியே கதைத்தார்கள். புகார் பிடித்துத் திக்குத் தெரியாமல் பதறியிருக்கிறான் என்றார்கள். வடிவு பார்த்து வாங்கினவள், தேய்க்கப் பஞ்சிப்பட்டவள் என்று அம்மா, மச்சாளுக்குக் கேட்கத்தக்கதாகவே சொன்னார். மச்சாள் தலை நிமிரவில்லை. அடக்கம் முடிந்ததும் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

சிலிண்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதை நான் மணந்து பார்த்தது எல்லோருக்கும் தெரியும்.

நேற்று முப்பத்தோராம் நாள். பூசைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, நான் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மச்சாள் வந்தார். பையில் இருந்து அந்தக் கண்ணாடியை எடுத்தார். அன்றைக்குப் பிறகு அதைத் தேய்க்கவே இல்லை என்றார்.

அண்ணை செய்கிற மாதிரியே உள்ளே துப்பி, விரலால் பூசி, அலசி, முகத்தில் மாட்டினார். சோறு வடித்த பெரிய சருவத்தில் தண்ணீரை நிரப்பி முகத்தை அமிழ்த்தினார். மூச்சு முட்டும்போது வாயை மட்டும் வெளியே எடுத்தார். திரும்பவும் அமிழ்ந்தார். சீலையின் தோள் நனைந்தது. நான் எல்லாப் பாத்திரத்தையும் கழுவி முடித்தும் அவர் நிறுத்தவில்லை.

நிமிர்ந்தபோது கண்ணாடிக்குள்ளே அவருடைய இரண்டு கண்களும் இமை மயிரோடு தெரிந்தன.

"எல்லாம் தெரியுது வினோ. சருவத்தின்ரை அடியில இருக்கிற கீறல் கூடத் தெரியுது."

அழுதுகொண்டே சிரித்தார். அப்படியென்றால் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார்.

நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு என் மூக்கைப் பார்த்தார்.

அன்று காலை அவர் தந்த கோப்பையில் இருந்தது கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர். எனக்கு அப்போது மூன்று நாளாகத் தடிமன், மூக்கடைப்பு. மண்ணெண்ணெயை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாலும் மணந்திராது.

தெரியாது என்பதற்கு எப்படித் தலையாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மச்சாள் கண்ணாடியைக் கழற்றி, நான் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களுக்கு மேலே வைத்தார். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

படலையைத் திறந்துகொண்டு போனார்.