வாயை மறைக்கும் டீச்சர்

“டி.சி.யைக் குடுத்துருங்க டீச்சர். எம் புள்ள இங்க அசிங்கப்பட்டது போதும்.”

உளுந்துக் காட்டில் களையெடுப்பைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தாள் முனீஸ்வரி. சண்டை என்று இறங்கிவிட்டால் பரளச்சியில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. ஒன்றாம் வகுப்பு ஜோதிகா டீச்சரோ நேற்று முளைத்த காளான்; வேலைக்கு வந்தே மூன்று மாதம்தான்.

“என்னக்கா ஆச்சு?”

“சிலேட்டால வாய மறைச்சுக்கிட்டு ‘ஈ’ங்கிறீகளாம், ‘ஊ’ங்கிறீகளாம். கேட்ட எழுத்தைப் புள்ளைக அட்டையில எடுத்துக் காட்டணுமாம். மத்த புள்ளைகள ஒரு தடவையோட விட்டுட்டு, எம் மதன்குமாரை மட்டும் நாலு நாளா எந்திரிக்க வச்சுத் திரும்பத் திரும்பக் கேக்குறீக. அவன் தப்பா எடுக்க, வகுப்பே சிரிக்குதாம்.”

“ஆமாக்கா.”

அவள் ஒப்புக்கொண்டது முனீஸ்வரிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“வீட்டுல கடலை உடைக்கிறப்ப எதிர உக்கார வச்சு நான்தான் சொல்லிக் குடுக்கேன். அ-வுல இருந்து ஔ வரைக்கும் ஒண்ணு தப்ப மாட்டான். பேச்சு கொஞ்சம் மழலை, அம்புட்டுத்தான். அவன் மக்கு இல்ல.”

“மக்குன்னு நான் சொல்லலையே. இப்ப நீங்களே கேளுங்க. அவன் பின்னாடி நின்னு கேளுங்க.”

இதென்ன பெரிய காரியம்? தரையில் அட்டைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்த மகனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

“மதனு, ‘ஊ’ எடு.”

அவன் பாட்டுக்கு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“டேய், மதனு.”

பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை. முனீஸ்வரிக்கு மானமே போய்விட்டது. கையை ஓங்கிவிட்டாள்.

“இந்தத் திமிருதான் டீச்சர். வீட்டுலயும் பின்னாடி நின்னு கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். இதுக்கு எத்தனை அடி வாங்கியிருக்கான் தெரியுமா?”

ஜோதிகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“திமிரு இல்லக்கா. அவனுக்குக் காது சரியாக் கேக்கல. உங்க வாயசைவைப் பாத்தே பன்னெண்டு எழுத்தையும் படிச்சிருக்கான், கெட்டிக்காரன். அதைக் கண்டுபிடிக்கத்தான் வாய மறைச்சேன். புள்ளைக சிரிச்சது என் தப்புதான். உறுதியாத் தெரியாம உங்ககிட்ட எப்பிடிச் சொல்ல?”

முனீஸ்வரி மகனின் காதையே பார்த்தாள்.

“இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சுக்கா. டாக்டரு பாத்து மிஷினு வச்சா நல்லாப் படிப்பான். நாளைக்கு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். நானும் வாரேன்.”

முனீஸ்வரி சுற்றி வந்து மகன் முன்னால் உட்கார்ந்தாள். அடித்த அடியையெல்லாம் திருப்பி எடுக்கவா முடியும்? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “என்னைய மன்னிச்சிருய்யா” என்று அழுதாள்.

மதன்குமார் அந்த முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

“வாய மூடாதம்மா. நீ சொல்றது கேக்கல.”