நிற்காத முடிச்சு

"இருடா... லேஸ் அவுந்துருச்சு."

தபால்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேட்டுத் தெருவில் ஏற ஆரம்பித்து முழுசாய் நூறு அடிகூட ஆகவில்லை. அதற்குள் டைலர் நடுத்தெருவில் குனிந்துவிட்டார்.

"ஏண்டா, நேத்தும் இதே கம்பத்துக்கிட்டதானே அவுந்துச்சு?"

"அது இடது கால்டா. இது வலது."

"ஊருக்கெல்லாம் பட்டன் தைச்சுக் குடுத்தவன்! உன் கால்ல ஒரு முடிச்சு நிக்க மாட்டேங்குது. வெளிய சொல்லிடாதே, வெக்கக்கேடு!"

டைலர் காஜா எடுக்கிற நிதானத்தோடு கட்டிக்கொண்டிருந்தார்.

மேட்டுக்கு மேலே நூலகம். ஓய்வு பெற்ற பிறகு இருவருக்கும் காலைப்பொழுது அங்கேதான். பேப்பரில் வரும் குறுக்கெழுத்தைச் சேர்ந்து போட வேண்டும், ஒரு வார்த்தைக்காக அரை மணி நேரம் மல்லுக்கு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தபால்காரருக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.

ஆனால் இந்த இரண்டு மாதமாய், வழியில் நாலு தடவை லேஸ் கட்டிவிட்டுப் போய்ச் சேருவதற்குள் எவனோ பாதிக் கட்டத்தை நிரப்பிவிடுகிறான்.

"முப்பது வருஷம் பையைத் தூக்கிட்டு இந்த மேட்டை ஒரே மூச்சுல ஏறினவன்டா நான். உன்கிட்ட மாட்டிக்கிட்டேன் பாரு!"

பொறுமை போய், ஒரு நாள் லேஸே இல்லாத ஷூ ஒரு ஜோடி வாங்கிவந்து டைலர் கையில் திணித்தார்.

"இனிமே எப்படிக் குனியறேன்னு பாக்கறேன்!"

டைலர் ஷூவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மறுநாள் தபால்காரரின் மகளும் கூடவே கிளம்பினாள். இரண்டு மாதத்துக்கு முன் அப்பா காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்தே, அவரால் மேடு ஏற முடிகிறதா என்று அவளுக்குச் சந்தேகம்.

"வழியில ஒரு தடவை மூச்சு வாங்கினாலும் சரிப்பா, நாளையிலிருந்து மேடும் கிடையாது, நூலகமும் கிடையாது. வீட்டுலயே உட்காந்து பேப்பர் படிங்க."

"எனக்கா மூச்சு வாங்கும்? வழியெல்லாம் நிக்கறவன் இவன்ம்மா!"

கம்பம் வந்தது. டைலர் குனியவில்லை. தபால்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தாண்டினார்.

இருநூறு அடியில் அவர் பேச்சு நின்றது. முந்நூறில் கால் நின்றது. நெஞ்சுக்குள் துருத்தி ஊதுகிற மாதிரி இருந்தது. பத்தடி முன்னால் மகள். அவள் திரும்பினால் எல்லாம் போச்சு.

திரும்பிவிட்டாள். "என்னப்பா, ஏன் நின்னுட்டீங்க?"

வாயைத் திறந்தால் பேச்சு வராது, இரைப்புதான் வரும்.

"அவனில்லம்மா, நான்தான்!"

டைலர் தரையில் குனிந்திருந்தார். இரண்டு கையாலும் புது ஷூவை மறைத்துக்கொண்டு, இல்லாத கயிற்றை இழுத்து இழுத்து முடிந்துகொண்டிருந்தார்.

"பாழாப்போன லேஸ், அவுந்துருச்சும்மா!"

"உங்களோட பெரிய ரோதனை மாமா!" மகள் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தாள்.

தபால்காரர் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மாதமாய் ஏசிய ஏச்செல்லாம் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தது. மூச்சு ஒரு நிதானத்துக்கு வர வெகுநேரம் பிடித்தது. அதுவரை டைலர் நிமிரவே இல்லை.

"நல்லா இறுக்கிக் கட்டுடா," என்றார் தபால்காரர். "ஒண்ணும் அவசரமில்ல."