முதுகில் சிவப்புக் கோடு

"அந்தக் கதவைத் தொடாதே நோலீன்! முதுகுல சிவப்புக் கோடு தெரியல? ரெட்பேக் சிலந்தி! கடிச்சா ஆஸ்பத்திரிதான்!" என்று அலறினான் என் புருஷன் கிளைவ்.

போன மாதத்திலிருந்து எங்கள் கொல்லைப்புற ஷெட்டின் கதவு மூலையில் அது உட்கார்ந்திருக்கிறது.

"அப்ப அடிச்சுக் கொல்லேன்!"

"கொன்னா குஞ்சுங்க வீடு பூராப் பரவிடும்."

"தினம் சாயங்காலம் நீ உள்ள போய் மணிக்கணக்கா இருக்கியே, உன்னை மட்டும் கடிக்காதா?"

"எனக்குப் பழக்கம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டு ஷெட்டுக்குள் நான் போகக் கூடாதா? பக்கத்து வீட்டு டானியாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிலந்தி விஷயமெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"கோடு இல்லேன்னா சாதாரணக் கறுப்புச் சிலந்தி, ஒண்ணும் பண்ணாது. இது விஷம். கிட்டவே போகாதடி" என்று விரல் நீட்டிச் சொன்னாள்.

இன்று கிளைவ் வேலைக்குப் போனதும், ஆத்திரம் தாங்காமல் செருப்பைக் கழற்றி ஒரே போடு போட்டேன்.

சிலந்தி நசுங்கவில்லை, தூளாக உதிர்ந்தது. என்றைக்கோ செத்துக் காய்ந்துபோன சாதாரணக் கறுப்புச் சிலந்தி. கோடு மட்டும் பளபளவென்று சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தேன்.

நெயில் பாலிஷ்!

நான் நெயில் பாலிஷே போடுவதில்லை.

சத்தம் கேட்டு டானியா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஐயய்யோ, அதைக் கொன்னுட்டியா?" என்று பதறி வாயில் கை வைத்தாள். ஐந்து விரல் நகத்திலும் அதே சிவப்பு.

நல்லவேளை, செருப்பு இன்னும் என் கையில்தான் இருந்தது.